புகைப்பட மன்றத்துக்குப் புதுசா? முதல் ஒரு வருடத்துக்கான வழித்துணை

மாதக் கூட்டத்துக்கு முதன்முறை வருகிறவரைக் கதவோரத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். கழுத்தில் கேமரா தொங்கும், லென்ஸ் மூடி கழன்றிருக்காது. உள்ளே வரலாமா என்று கண்ணாலேயே கேட்பார். உட்கார்ந்த பத்தாவது நிமிஷம் பக்கத்து நாற்காலிக்காரரிடம், "சார், நான் எந்த கேமரா வாங்கணும்?" என்பார். பத்து வருடத்துக்கு முன்னால் நானும் இதையேதான் கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் என் மடியில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "அப்ப இது என்ன, இட்லிப் பாத்திரமா?" என்றார்.

ஆகவே அந்தக் கேள்வியை முதலிலேயே முடித்துவிடுவோம். கையில் இருப்பது போதும். பழைய டிஎஸ்எல்ஆரும் அதோடு வந்த 18–55 கிட் லென்ஸும் இருந்தால் ஒரு வருடம் தாராளமாக ஓட்டலாம். போன் மட்டும்தான் என்றாலும் வாருங்கள், முக்கால்வாசிக் குழுக்களில் யாரும் முகம் சுளிப்பதில்லை. ஷட்டர் ஸ்பீடு (வெளிச்சம் உள்ளே விழும் நேரம்), அபெர்ச்சர் (லென்ஸ் திறப்பின் அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை உணரும் திறன்) எல்லாம் வீட்டில் உட்கார்ந்து வீடியோ பார்த்தே பழகிவிடலாம். எடுத்த முந்நூறு படத்தில் எந்த இருநூற்றுத் தொண்ணூற்றைத் தூக்கிப் போடுவது என்பதைத்தான் தனியாகக் கற்றுக்கொள்ள முடியாது. மன்றம் என்று ஒன்று இருப்பது அதற்காகத்தான் என்பது என் எண்ணம். கீழே உள்ளதெல்லாம் சென்னையை வைத்து எழுதியது. கோவை, மதுரைக்காரர்கள் இடங்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

முதலில், எந்த மாதிரிக் குழு என்று பாருங்கள்

இங்கே பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, சந்தா கட்டிச் சேரும் சங்கம். மாதக் கூட்டம், மாதப் போட்டி, பயிற்சி வகுப்பு, வருடாந்திரக் கண்காட்சி, சலூன் (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) என்று ஒரு ஒழுங்கில் போகும். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை விடியலில் எங்காவது கூடி நடந்து, படம் எடுத்து, இட்லி சாப்பிட்டுக் கலையும் நடைக்குழு. அதற்குச் சந்தாவும் கிடையாது, விண்ணப்பமும் கிடையாது. ஐடி கம்பெனிகளிலும் கல்லூரிகளிலும் தனியாகக் குழுக்கள் உண்டு, அங்கே வெளியாள் நுழைவது கஷ்டம்.

சங்கங்களில் மூத்தது 1857-இல் தொடங்கிய போட்டோகிராஃபிக் சொசைட்டி ஆஃப் மெட்ராஸ். இன்றும் இயங்குகிறது. அதைத் தொடங்க முன்னின்றவர்களில் அலெக்சாண்டர் ஹண்டர் ஒருவர். 1850-இல் ஓவியப் பள்ளி ஆரம்பித்த டாக்டர் அவர், இன்று எழும்பூரில் கவின்கலைக் கல்லூரியாக இருப்பது அந்தப் பள்ளிதான். சங்கம் பிறந்த அதே காலத்தில் லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி, சென்னை மாகாணத்தின் அரசு புகைப்படக்காரராக மாட்டு வண்டியில் காகித நெகட்டிவ்களை ஏற்றிக்கொண்டு ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டிச் சுமார் 19 அடி நீளப் படம் ஒன்று செய்தார். அதற்கு முன்பு பர்மாவில் இருநூறுக்கு மேல் நெகட்டிவ் எடுத்திருந்தார், வெளியிட்டது 120. ஒவ்வொன்றுக்கும் காகிதத்தை மருந்தில் ஊறவைத்து, வெயிலில் நிமிஷக்கணக்கில் காத்துக் கிடந்தவர் அவர். அவருக்கே பாதிக்குப் பாதி கழிக்க மனசு வந்திருக்கிறது. நமக்கு ஒரு கிளிக்.

எந்த வகையில் சேருவது என்றால், முதல் மூன்று மாதம் நடைக்குழு, பிறகு சங்கம் என்பேன். நடந்து பழகாமல் நேராகப் போட்டியில் குதிப்பவர்கள், பரிசு வாங்கும் படம் எப்படி இருக்கும் என்று மட்டும் தெரிந்துகொண்டு அதையே திரும்பத் திரும்ப எடுக்க ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பணம் கட்டும் முன் விருந்தாளியாக ஒரு நாள்

பெரும்பாலான சங்கங்களில் ஒரு கூட்டத்துக்கு விருந்தாளியாக வரவிடுவார்கள். போனில் கேட்டுவிட்டுப் போங்கள். பின்வரிசையில் உட்கார்ந்து, புதியவர் ஒருவரின் சுமாரான படம் திரையில் வரும்போது அறை எப்படி நடந்துகொள்கிறது என்று கவனியுங்கள். "நல்லா இருக்கு, அடுத்தது" என்று தாண்டிவிட்டால் அங்கே கற்க ஒன்றும் இல்லை. சிரித்தார்கள் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். யாராவது ஒருவர், "இதுல நீங்க என்ன காட்ட நினைச்சீங்க?" என்று கேட்டால் அந்த இடம் சரி. பெண்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், அவர்கள் வாய் திறந்து பேசுகிறார்களா என்பதையும் பாருங்கள். டீ இடைவேளையில் பேச்சு முழுக்க லென்ஸ் விலையாகவே இருந்தால் கொஞ்சம் யோசியுங்கள்.

சேருவதற்கு விண்ணப்பம், அடையாள அட்டை நகல், சந்தா. சில இடங்களில் ஏற்கெனவே இருக்கும் உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். நடைக்கு வந்து நாலு பேரோடு பழகியிருந்தால் அது ஒரு பிரச்சினையே இல்லை. கையெழுத்துப் போடும் முன் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: போட்டிக்குக் கொடுக்கும் படத்தை மன்றம் வேறு எதற்கெல்லாம் பயன்படுத்தும்? காலண்டரில், விளம்பரத்தில் போடுவார்களா? போட்டால் உங்கள் பெயர் வருமா?

முதல் நடை: காசிமேடு என்று வைத்துக்கொள்வோம்

புதியவர்களை மெரினாவுக்கோ மயிலாப்பூருக்கோ அழைத்துப் போகலாம். எங்கள் குழு காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்குத்தான் அழைத்துப் போகும். அங்கே ஒரு காலை தாக்குப்பிடித்தால் மற்ற இடமெல்லாம் சுலபம்.

கூடும் நேரம் விடியற்காலை நாலரை. ஏலம் அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்கும், வெளிச்சம் வரும்போது பாதி முடிந்திருக்கும். சென்னையில் மே மாதக் கடைசியில் சூரியன் 5:40 வாக்கில் எழும்பும், ஜனவரியில் 6:35 ஆகிவிடும். இந்த ஒரு மணி நேர வித்தியாசத்தை மறந்து, ஜனவரியில் ஐந்தரைக்கே கரையில் நின்று கொசுக்கடி வாங்கியவன் நான். இன்னொரு தேதியும் ஞாபகம் இருக்கட்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வரிசையாகக் கட்டிக்கிடக்கும் படகுகள், வலை பின்னுகிறவர்கள், வண்ணமடிப்பு எல்லாம் கிடைக்கும். ஏலத்தின் அமளி கிடைக்காது.

காலுக்கு, நன்றாகப் பிடிக்கும் ரப்பர் செருப்பு. கேன்வாஸ் ஷூவில் வந்தால் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் ஏறி, திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். லென்ஸ் ஒன்றே ஒன்று கொண்டுவாருங்கள், அந்தக் கூட்டத்தில் லென்ஸ் மாற்ற இடம் கிடையாது. பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். சார்ஜ் ஏற்றிய பேட்டரி இரண்டு, காலி மெமரி கார்டு ஒன்று, கேமராவை மூட ஒரு பிளாஸ்டிக் கவர், லென்ஸ் துடைக்க மெல்லிய துணி. ட்ரைபாட் வேண்டவே வேண்டாம், தலையில் கூடையோடு ஓடி வருகிறவர் அதில் தடுக்கி விழுந்தால் அன்றைய நடை அதோடு முடிந்தது.

இருட்டில் பல்பு வெளிச்சம்தான் இருக்கும். கிட் லென்ஸில் 18 மில்லிமீட்டரில் வையுங்கள், அபெர்ச்சர் 3.5, ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் ஒரு விநாடியில் 125-இல் ஒரு பங்கு. அதிலிருந்து ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஐஎஸ்ஓ ஏறினால் படத்தில் புள்ளி விழும் என்று பயந்து ஷட்டரைக் குறைக்காதீர்கள். புள்ளி விழுந்த படத்தை மன்னிக்கலாம், கை ஆடிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது. ஃபிளாஷ் அணைந்தே இருக்கட்டும். கத்தி பிடித்து மீன் வெட்டுகிறவர் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது அபாயம்.

நடக்கிற விதம்தான் எல்லாவற்றையும்விட முக்கியம். முதல் பத்து நிமிஷம் கேமராவைத் தூக்காதீர்கள். ஓரமாக நின்று, எது வண்டிப்பாதை, எது ஏலத்துக்கான இடம், யார் சத்தம் போடுகிறார், யார் எண்ணுகிறார் என்று பாருங்கள். பின்னால் "வழி, வழி" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்க்காமல் ஒதுங்குங்கள். யாரையாவது பக்கத்தில் போய் எடுக்க வேண்டுமானால், "அக்கா, ஒண்ணு எடுத்துக்கவா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், தூரமாகப் போய் ஜூம் செய்து எடுக்கிற வேலை கூடாது.

என் முதல் நடையில் சங்கரா மீனைக் கூறு போட்டு உட்கார்ந்திருந்த அம்மாவிடம் கேட்டேன். ஒரு கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டே சொன்னார்: "அல்லாரும் படம் புடிச்சினு போறீங்கோ. ஒருத்தனாச்சும் திரும்பி வந்து ஒண்ணு குடுத்தானா?" எனக்குப் பதில் இல்லை. அடுத்த மாதம் 4×6 பிரிண்டு ஒன்றை எடுத்துப் போனேன். வாங்கி, ஈரக்கை படாமல் விளிம்பில் பிடித்து, பக்கத்துக்காரம்மாவிடம் காட்டி, "மூஞ்சி கறுப்பா வந்துக்குது" என்று குறைப்பட்டுவிட்டு இடுப்புச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டார். அவர் சொன்னது சரிதான். பல்புக்கு எதிராக நின்று எடுத்திருந்தேன், முகம் ஒரு ஸ்டாப் இருட்டு, அதாவது விழ வேண்டிய வெளிச்சத்தில் பாதிதான். அன்றிலிருந்து எங்கள் குழுவில் ஒரு வழக்கம்: பக்கத்தில் போய் எடுத்த ஆளுக்கு அடுத்த நடையில் பிரிண்டு. பத்திருபது ரூபாய்ச் செலவு. எந்தச் சந்தில் நுழைந்தாலும் இப்போது யாராவது ஒருவர், "வா, வா" என்கிறார்.

வீட்டுக்கு வந்ததும்

கார்டில் இருப்பதை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். கேமராவின் சின்னத் திரையைப் பார்த்து எதையும் அழிக்காதீர்கள், கண்ணாடி போட்டவர்கள் அதில் எத்தனை நல்ல படத்தைக் கொன்றிருக்கிறார்களோ. அன்றைக்கே தேர்வு செய்யவும் வேண்டாம். நாலரை மணிக்கு எழுந்த கஷ்டம், அந்தக் கூடைக்காரர் சிரித்தது எல்லாம் மனசில் சூடாக இருக்கும், படத்தில் இல்லாததையும் சேர்த்துப் பார்ப்பீர்கள். மூன்று நாள் கழித்துத் திறந்தால் முந்நூறில் முப்பது தேறும். அடுத்த நாள் அந்த முப்பதில் பத்து. அந்தப் பத்தோடு கூட்டத்துக்கு வாருங்கள்.

எடிட்டிங் பற்றிச் சுருக்கமாக. கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபார்மேட்டில் எடுத்திருந்தால் நல்லது. வெளிச்சம், நிறம், சாய்ந்த தொடுவானம், கிராப் (ஓரங்களை வெட்டுவது) ஆகிய நாலைச் சரிசெய்தால் முதல் வருடத்துக்குப் போதும். வானத்தை மாற்றும் மென்பொருளை இப்போதைக்குத் தொடாதீர்கள்.

படம் பார்க்கும் மாலை

மன்றத்தின் எல்லா நிகழ்ச்சியிலும் புதியவர்கள் அதிகம் பயப்படுவது இதற்குத்தான். தவறவிடக் கூடாததும் இதுதான்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்கிறேன். மயிலாப்பூர் கோயில் விழாவின் அதிகார நந்தி வாகனப் படம் ஒன்று திரையில். எடுத்தவர் வங்கி ஊழியர், சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளி நந்தி பளபளக்கிறது, பின்னால் கோபுரம், மேலே குறுக்கே நாலு கேபிள் ஒயர், கீழே தூக்கிப் பிடித்த போன்கள், வலது ஓரத்தில் ஐஸ்கிரீம் வண்டி. அறையில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒயரை அழித்துவிடலாம் என்றார் ஒருவர், இன்னும் அகலமான லென்ஸ் வேண்டும் என்றார் இன்னொருவர். முன்வரிசையில் இருந்த மூத்தவர் எழுந்து போனார். கையில் இருந்த செய்தித்தாளை விரித்துத் திரையின் மேல்பாதியை மறைத்தார், ஒயரும் கோபுரமும் போயின. இன்னொரு தாளால் வலது ஓரத்தை மறைத்தார். மிச்சம் இருந்தது நந்தியின் பாதத் தண்டைத் தோளில் தாங்கிய ஒரு ஆள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறது, கண் மூடியிருக்கிறது, தண்டுக்கும் தோளுக்கும் நடுவே மடித்த ஒரு பழைய துண்டு. அறை அமைதியாகிவிட்டது. "இவரை நீங்க எடுக்கும்போது பாத்தீங்களா?" என்று கேட்டார் மூத்தவர். "இல்ல சார், நந்தியைத்தான் பாத்தேன்." "அடுத்த வருஷம் இவரைப் பாருங்க."

அந்த வங்கிக்காரர் அடுத்த வருடம் சாமி தூக்கிகளை மட்டுமே எடுத்தார். செய்தித்தாள் வித்தையை வீட்டிலும் செய்து பார்க்கலாம், இரண்டு வெள்ளைத் தாள் போதும். கிராப் செய்தால் பிக்சல் குறையும்தான். எடுக்கும்போதே எங்கே நின்றிருக்க வேண்டும் என்பது புரிந்துவிடுகிறதே, அதற்காகத்தான் அந்தப் பயிற்சி.

உங்கள் படம் திரையில் இருக்கும்போது ஒரே ஒரு கட்டுப்பாடு: விளக்கம் சொல்லாதீர்கள். "அன்னைக்கு மழை சார், போலீஸ்காரர் தள்ளிவிட்டார்" என்பதெல்லாம் பார்க்கிறவருக்கு வேண்டாத கதை. சொல்வதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பாதியை ஏற்க வேண்டியதில்லை. மூன்று வேறு வேறு பேர் மூன்று வேறு வேறு மாதத்தில் ஒரே குறையைச் சொன்னால் மட்டும் அது உங்கள் குறை.

போட்டியும் சலூனும்

மாதப் போட்டிக்குத் தலைப்பு முன்கூட்டியே வரும்: நிழல், கை, மழை, காத்திருத்தல் இப்படி. பழைய படத்தைத் தோண்டித் தலைப்புக்குள் திணிக்காமல், அந்த மாதம் வெளியே போய் எடுத்துக் கொடுங்கள். தோற்றாலும் லாபம்.

சலூன் என்றதும் முடிவெட்டும் கடை என்று நினைத்துச் சிரித்தவர்கள் உண்டு. உலகெங்கும் உள்ள சங்கங்கள் நடத்தும் புகைப்படப் போட்டிக் கண்காட்சிக்கு அந்தப் பெயர். 1950-இல் தொடங்கிய ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பும் அமெரிக்காவின் பிஎஸ்ஏ என்ற புகைப்படச் சங்கமும் இவற்றுக்கு அங்கீகாரம் தருகின்றன. படம் தேர்வானால் ஒரு அக்செப்டன்ஸ். போதுமான அளவு சேர்ந்தால் பெயருக்குப் பின்னால் ஏஃபியாப், ஈஃபியாப் என்று எழுத்துகள் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு சலூனுக்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. முதல் வருடம் இதில் இறங்காதீர்கள் என்பது என் கருத்து. இரண்டாம் வருடம் இறங்கினால் விதிமுறையை வரிவரியாகப் படியுங்கள். படத்தின் நீள அகலம், கோப்பின் அளவு, நிறம் எஸ்ஆர்ஜிபி என்ற திரை நிற முறையில் இருக்கிறதா என்பதெல்லாம் சலூனுக்குச் சலூன் மாறும்.

புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இயற்கைப் பிரிவில். கிராப் செய்யலாம், முழுப் படத்தையும் கறுப்பு வெள்ளை ஆக்கலாம். குறுக்கே வந்த கிளையை அழிக்கக் கூடாது, எதையும் சேர்க்கக் கூடாது, பல படங்களை ஒட்டக் கூடாது. வீட்டு விலங்கு, தோட்டத்து ஒட்டுச் செடி செல்லாது. கட்டடத்தில் கூடு கட்டும் ஆந்தை மாதிரி, இயற்கைக் கதையில் ஒட்டியே வரும் இடம் தவிர மனிதன் செய்த பொருள் எதுவும் தெரியக் கூடாது. வேடந்தாங்கலில் எடுத்த அருமையான கூழைக்கடா ஒன்று, ஓரத்தில் தெரிந்த சிமென்ட் கைப்பிடிச் சுவரால் தள்ளுபடி ஆனதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். சுவரை அழித்திருந்தால் இன்னும் மோசம், அசல் ரா கோப்பைக் கேட்பார்கள்.

அடுத்து என்ன வருகிறது

வாட்ஸ்அப் குழுவில் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். நம் ஊர் மன்றங்களின் வெளிநடைகள் பஞ்சாங்கத்தை ஒட்டியே ஓடுகின்றன. ஒரு காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டால் யாரும் சொல்லாமலே முக்கால்வாசியை நீங்களே ஊகிக்கலாம்.

தை பிறந்தால் மதுரைப் பக்கம் ஜல்லிக்கட்டு. தை முதல் நாள் அவனியாபுரம், அடுத்த நாள் பாலமேடு, மூன்றாம் நாள் அலங்காநல்லூர். அதற்கு நீளமான லென்ஸும் நல்ல இடமும் வேண்டும், இடம் பிடிக்கவே பெரும்பாடு. முதல் வருடம் விட்டுவிட்டு இங்கேயே போகியன்று விடியலில் தெருப் புகையையும் காணும் பொங்கலன்று மெரினாக் கூட்டத்தையும் எடுங்கள். மாசி மகத்துக்கு மாமல்லபுரம் கடற்கரையில் இருளர் குடும்பங்கள் வந்து தங்கிக் கன்னியம்மாளைக் கும்பிடுவார்கள். அழகான இடம்தான், ஆனால் இப்போது விடியலில் அங்கே கேமராக்களின் நெருக்கடி. சேலைத் துணியால் கட்டிய கூடாரம் அவர்களுக்கு அன்றைக்கு வீடு. தூங்குகிறவர் முகத்துக்கு நேரே லென்ஸை நீட்டுகிறவர்களோடு சேர்ந்து நிற்காதீர்கள். எங்கள் குழு இரண்டு வருடமாக அங்கே போவதை நிறுத்திவிட்டது.

பங்குனி என்றால் மயிலாப்பூர். கபாலீசுவரர் கோயில் பெருவிழாவில் மூன்றாம் நாள் காலை அதிகார நந்தி, ஏழாம் நாள் தேர், எட்டாம் நாள் அறுபத்துமூவர். புதியவர்களுக்கு என் சிபாரிசு அதிகார நந்தி. காலை வெளிச்சம், கூட்டமும் சமாளிக்கும் அளவு. அறுபத்துமூவர் அன்று மாட வீதியில் கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோகக் கைக்கு இடம் இருக்காது. அன்றைக்குச் சரியான வழி மொட்டைமாடி. எந்த வீட்டில் கேட்டால் விடுவார்கள் என்பது மூத்த உறுப்பினர்களுக்குத் தெரியும், அவர்களோடு ஒட்டிக்கொள்ளுங்கள், போகும்போது வீட்டுக்காரருக்கு ஏதாவது வாங்கிப் போங்கள்.

சித்திரையில் அழகர் வைகையில் இறங்குவதும் கூவாகமும். பிறகு கத்திரி வெயில், மன்றங்கள் அறைக்குள் சுருண்டுகொள்ளும். சாப்பாட்டுப் படம், ஜன்னல் வெளிச்சத்தில் முகம், எடிட்டிங் வகுப்பு என்று போகும். சலிப்பாகத் தோன்றும் அந்த இரண்டு மாதத்தில்தான் நான் அதிகம் கற்றேன். ஒரு ஜன்னல், ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை, ஒரு தக்காளி. தெர்மாகோலை நகர்த்த நகர்த்தத் தக்காளியின் நிழல் பக்கம் எப்படி மாறுகிறது என்று ஒரு மதியம் முழுக்கப் பார்த்தோம்.

ஆகஸ்ட்டில் மூச்சுவிட நேரம் இருக்காது. பிரான்ஸ் அரசு 1839-இல் டாகுரோடைப் என்ற ஆரம்பகாலப் புகைப்பட முறையை உலகுக்கு அறிவித்த 19-ஆம் தேதி உலகப் புகைப்பட நாள். மூன்று நாள் தள்ளி, 1639-இல் இந்த நகரம் பிறந்ததை நினைவுகூரும் மெட்ராஸ் தினம். இரண்டும் சேர்ந்து வருவதால் ஜார்ஜ் டவுன், சிந்தாதிரிப்பேட்டை, ராயபுரம் என்று நடைகளும் கண்காட்சிகளும் அடுக்கடுக்காக இருக்கும். புதியவர்கள் நுழைய வருடத்திலேயே சுலபமான மாதம் இது. 29-ஆம் தேதி பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயில் கொடியேற்றம். அதற்குப் பிறகு, நவராத்திரிக்கு முன் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியின் கொலு பொம்மைக் கடைகள், நவராத்திரி நாட்களில் தெற்கே குலசேகரப்பட்டினம் தசரா வேடங்கள்.

ஐப்பசி, கார்த்திகை மழையோடு பறவைகளும் வந்துவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வேடந்தாங்கல், பழவேற்காட்டில் பூநாரை, நகருக்குள்ளேயே பள்ளிக்கரணை. கூட்டுக்குப் பக்கத்தில் போவதும், போனில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதும் கூடாது. நல்ல குழுவில் இது முதல் நாளே சொல்லப்படும். சொல்லாத குழுவோடு காட்டுக்குப் போகாதீர்கள். இதெல்லாம் போக, 2016-இல் தொடங்கிய சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா நடக்கும் பருவங்களில் ஊருக்குள்ளேயே உலகத்துப் படங்கள் வந்து தொங்கும். அப்போது கேமராவை வீட்டில் வைத்துவிட்டுச் சும்மா பார்க்கப் போங்கள்.

அனுமதி விஷயம்

கோயிலுக்குள் போன் கூடாது என்று 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட்டிருக்கிறது. கேமராவுக்கு அந்தந்தக் கோயில் நிர்வாகத்தைக் கேட்க வேண்டும், கருவறைப் பக்கம் எங்கும் கூடாது. வீதியில் வரும் உற்சவத்துக்குத் தடை இல்லை. மாமல்லபுரம் மாதிரித் தொல்லியல் துறை இடங்களில் கையில் பிடித்து எடுக்கலாம், ட்ரைபாட் விரித்தால் அனுமதிக் கடிதம் கேட்பார்கள். மீன்பிடித் துறைமுகம் வேறு; கப்பல் துறைமுகம், கடற்படை வளாகம் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். ட்ரோன் 250 கிராமுக்குள் இருந்தால் பைலட் சான்றிதழ் வேண்டாம் என்பது உண்மை. அதற்காகத் தடைசெய்யப்பட்ட மண்டலத்தில் பறக்கவிடலாம் என்று ஆகாது, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைத் திறக்க வேண்டும். குழந்தைகளை எடுக்கும் முன் கூட இருக்கும் பெரியவரிடம் கேளுங்கள்.

இந்த ஊர் ஈரமும் உங்கள் லென்ஸும்

இதை யாராவது எனக்கு முதல் வருடமே சொல்லியிருந்தால் ஒரு லென்ஸ் பிழைத்திருக்கும். தோல் பையில் போட்டு பீரோவில் வைத்தேன். மழைக்காலம் முடிந்து எடுத்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் சிலந்தி வலை மாதிரி இழை இழையாகப் பூஞ்சை. சுத்தம் செய்யக் கேட்ட கூலி லென்ஸ் விலையில் பாதி.

ஈரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியான ட்ரை கேபினெட் வாங்க வசதி இருந்தால் நல்லது, ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் வையுங்கள். இல்லையென்றால் ரப்பர் வளையம் வைத்த, காற்றுப் புகாத முறுக்கு டப்பா ஒன்று, நூறு கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. நீல நிற ஜெல் இளஞ்சிவப்பானால் வாணலியில் மெல்லச் சூடாக்கித் திரும்பப் போடலாம். அந்த வாணலியைப் பிறகு சமையலுக்கு எடுக்காதீர்கள். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு முறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துவது. இன்னொன்று: ஏசி அறையில் இரவெல்லாம் கிடந்த கேமராவை நேராகக் கடற்கரைக்குக் கொண்டுபோனால் லென்ஸ் மேல் பனி படியும், சூரியன் எழும்பும் அந்த ஐந்து நிமிஷமும் துடைத்துக்கொண்டே இருப்பீர்கள். நடைக்கு முந்தின இரவு பையை ஏசி இல்லாத கூடத்தில் வைத்துவிடுங்கள்.

கண்காட்சி

வருடக் கடைசியில் கண்காட்சி. கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாதெமி போன்ற இடங்களில் நடக்கும். கூடத்துக்கு வெகு முன்பே பதிவு செய்ய வேண்டும் என்பதால் படத்தேர்வு மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும், தேதியை விட்டுவிடாதீர்கள். திரையில் பளிச்சென்று இருந்தது பிரிண்டில் இருட்டாக வரும். பெரிதாகப் போடும் முன் சின்னதாக ஒன்று போட்டுப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். பளபளத் தாள் வேண்டாம், கூடத்து விளக்கெல்லாம் அதில் தெரியும். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 150 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்படி மாட்டுவது பொதுவான கணக்கு.

உங்கள் படம் தேர்வாகவில்லை என்றாலும் வேலைக்குப் போங்கள். திறப்பு விழாவுக்குப் பட்டு வேட்டியில் அறுபது பேர் வருவார்கள். கடைசி நாள் சாயங்காலம் ஃபிரேம்களை இறக்கி, பபிள் ராப் சுற்றி, எண் எழுதி ஆட்டோவில் ஏற்ற நாலு பேர்தான் மிச்சம். ஸ்க்ரூ டிரைவரும் பழைய பெட்ஷீட் இரண்டும் எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்கு வந்துவிடுங்கள். வேலை முடிய எட்டாகும். அதன்பிறகு வாசலில் டீயோடு உட்காரும்போது, இட்லிப் பாத்திரம் என்று என்னைக் கேட்டாரே, அந்தப் பெரியவர் பையிலிருந்து ஒரு பழைய ஆல்பத்தை எடுப்பார். நாற்பது வருடத்தில் அவர் கழித்துப் போட்ட படங்கள் அவை. ஒவ்வொன்றையும் ஏன் கழித்தார் என்று சொல்வார். கேட்டால்தான் சொல்வார்.